குமிழி வருகிறது, ஒட்சிசன் வருகிறதா?

ஆடி மாதத்துக் கச்சான் காற்று திருகோணமலையைச் சுட்டெரித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், கடற்கரையை அண்டிய முதியோர் இல்லம் ஒன்றில், மூச்சுத் திணறுவோருக்கு ஒட்சிசன் செறிந்த வாயுவைத் தரும் ஒட்சிசன் செறிவாக்கியின் பின்புறத்துக் கறுப்பு ஸ்பொஞ்சு வடிகட்டியைக் கழற்றித் தண்ணீரில் பிழிந்தேன். சாம்பல் நிறத்தில் நீர் ஒழுகியது. தொட்டியின் அடியில் நுண்மணல் படிந்தது. "மெசின் நல்லாத்தானே ஓடுது ஐயா, போத்தலில குமிழி வருது" என்றார் பராமரிக்கும் பெண். வாயு ஓடுகிறது என்பதைத்தான் குமிழி காட்டும். அந்த வாயுவில் ஒட்சிசன் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது.

இந்த இயந்திரம் ஒட்சிசனை உண்டாக்குவதில்லை; அறைக் காற்றிலிருந்து நைதரசனை விலக்குகிறது, அவ்வளவுதான். காற்றில் நைதரசன் 78 சதவீதம், ஒட்சிசன் 21 சதவீதம். கொம்பிரசர் அமுக்கிய காற்று, சியோலைட்டு என்னும் கனிமத்தின் மணிகள் நிரம்பிய உருளைக்குள் செலுத்தப்படும்போது, மணிகளின் நுண்துளைகளிலுள்ள நேரயன்கள் (நேர்மின்னேற்றம் கொண்ட அணுக்கள்) ஒட்சிசனைவிட நைதரசனை வலுவாகப் பிடித்துக்கொள்வதால், மறுமுனையில் ஒட்சிசன் செறிந்த வாயு வெளிவருகிறது. ஓர் உருளை நிரம்பியதும் அதன் அழுத்தம் குறைக்கப்பட்டு நைதரசன் வெளியேற, இரண்டாவது உருளை வேலையைப் பொறுப்பேற்கிறது. சில செக்கன்களுக்கு ஒருமுறை கேட்கும் 'புஸ்' என்ற ஓசை அந்தக் கைமாற்றத்துடையது. நல்ல நிலையில் கிடைக்கும் வாயுவில் ஒட்சிசன் 90 முதல் 95 சதவீதம் வரை இருக்கும். எஞ்சியது ஆகன் என்னும் வாயுவும் சிறிது நைதரசனும்.

சியோலைட்டின் பலவீனம் அதன் பெயரிலேயே இருக்கிறது. 1756இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் குரொன்ஸ்டெட் இக்கனிமத்தைச் சூடாக்கியபோது நீராவி பொங்கி எழுந்ததால், 'கொதிக்கும் கல்' என்ற பொருள்படக் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டார். அந்தக் கல் நைதரசனைவிட நீரை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். பிடித்த நீரை அழுத்தம் குறைந்தாலும் எளிதில் விடாது. ஆகவே வாடைக்காற்றின் ஈரம் இயந்திரத்துக்குக் கச்சான் தூசியைவிடக் கொடியது என்றே நான் கருதுகிறேன். வடிகட்டியை வாரம் ஒருமுறை, தூசிக் காலத்தில் அதற்கும் அடிக்கடி, மென்மையான சவர்க்கார நீரில் கழுவ வேண்டும். ஆனால் நன்கு உலராமல் மாட்டினால், நாமே ஈரத்தை உள்ளே அனுப்புகிறோம். மாற்று வடிகட்டி ஒன்று கைவசம் இருந்தால் இந்த அவசரம் நேராது. அடைபட்ட வடிகட்டியால் காற்று குறைந்து கொம்பிரசர் சூடேறும்; சுவரோடும் திரையோடும் ஒட்டி வைத்தாலும் அதே கதிதான்.

வாயு நீருக்குள் குமிழியிட்டுச் செல்லும் அந்த ஈரமூட்டும் போத்தலின் சிக்கல் வேறு. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் சூடோமோனாசு போன்ற கிருமிகள் பெருகும். அவை நலிந்த முதியவரின் நுரையீரலை நோக்கிப் பயணம் செய்ய வழியும் திறந்தே இருக்கிறது. குறைந்த நீருக்கு மேல் புதுநீர் ஊற்றாமல், தினமும் பழையதைக் கொட்டிக் கழுவி, காய்ச்சி வடித்த நீரையோ, அது இல்லாவிட்டால் கொதித்தாறிய நீரையோ அளவுக்கோடு வரை நிரப்ப வேண்டும். கிணற்று நீரைக் கொதிக்கவைத்தாலும் அதன் உப்புப் போகாது, வெண்படலமாகப் படியும். நிமிடத்துக்கு 4 லீற்றருக்குக் குறைவான ஓட்டத்தில் பலருக்கு இந்தப் போத்தலே தேவைப்படுவதில்லை. வைத்தியரைக் கேட்டு அகற்றிவிட்டால் ஒரு வேலை மிச்சம். மூக்குக் குழாய் ஒருவருக்கு உரியது. இறுகினாலோ நிறம் மாறினாலோ புதியது வேண்டும்.

எண்ணெய் விளக்கையும் சாம்பிராணித் தட்டையும் அந்த அறைக்குள் கொண்டுவரக் கூடாது. ஒட்சிசன் தானாக எரியாது. ஆனால் அது ஊறிய தலையணையும் போர்வையும் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். வறண்ட மூக்குக்குப் பெற்றோலிய ஜெலி பூசும் பழக்கத்தையும் அதனால்தான் தடுக்கிறார்கள்.

செறிவைச் சரிபார்க்கப் பல இயந்திரங்களில் உணரி ஒன்று உண்டு. ஒட்சிசன் ஏறத்தாழ 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மஞ்சள் விளக்கு எரியும். நான் சென்ற இல்லத்தில், இரவில் கண் கூசுகிறது என்று அந்த விளக்கின் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். உரித்துப் பார்த்தேன்; மஞ்சளாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.