லாரியில் வளரும் கைக்குழந்தையும் மார்கழிப் பனியும்

கார்த்திகை மழை ஓயும் முன்னரே, பிளாஸ்டிக் குடமும் நாற்காலியும் கோரைப்பாயும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்கும் குடும்பங்கள் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வலங்கைமான் பக்கமெல்லாம் வந்து தங்கத் தொடங்குகின்றன. பொங்கல் வியாபாரம் முடிந்து, சம்பா நெல் விற்ற பணம் கையில் புழங்கும் மாசி வரை, சாலையோரத்தில் நிற்கும் ‘குட்டி யானை’யோ பழைய லாரியோதான் அவர்களுக்கு வீடு. அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அதன் குளிர்காலத்துக்கான ஏற்பாட்டைப் பனி இறங்கும் முன்பே செய்துவிட வேண்டும் என்பதைக் குழந்தை மருத்துவராக ஒவ்வோர் ஆண்டும் உணர்கிறேன்.

நம் பகுதியில் மார்கழி இரவின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருப்பதால், இதைக் குளிர் என்று சொல்லவே பலர் தயங்குவார்கள். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. எடையோடு ஒப்பிட்டால் அதன் உடற்பரப்பு நம்முடையதைவிட மிக அதிகம். நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறனும் அதற்கு ஏறக்குறைய இல்லை. பகலில் கொதிக்கும் லாரியின் இரும்புத் தளம் நள்ளிரவுக்குப் பின் வேகமாகக் குளிர்ந்து, மேலே படுத்திருப்பவரின் உடற்சூட்டை உறிஞ்சுகிறது. உள்ளே இருப்போரின் மூச்சுக்காற்றின் ஈரம் தார்ப்பாயின் உட்புறத்தில் நீராகக் கோத்து விடியற்காலையில் சொட்டுகிறது. ஈரத்துணியும் அதன் மேல் வாடைக்காற்றும் சேர்ந்தால், 20 டிகிரியிலும் குழந்தை குளிர்ந்துபோகும்.

ஒரு மார்கழி விடியலில், பிறந்து நாற்பது நாளான குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பதியர் வந்தனர். குழந்தை அழவில்லை, பாலும் குடிக்கவில்லை. 36.5 டிகிரிக்குக் குறையக் கூடாத உடல்வெப்பம் 35.2 ஆக இருந்தது; இடுப்புத்துணி நனைந்திருந்தது. தாய்க்கோ இரவு முழுவதும் தலைவலி, இரண்டு முறை வாந்தி. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் நினைத்திருந்தார். விசாரித்தபோதுதான், தார்ப்பாயை நாற்புறமும் இறுகக் கட்டி, உள்ளே ஒரு தகர டப்பாவில் கரிக் கணப்பு வைத்திருந்த செய்தி வெளிவந்தது. இருவருக்கும் ஆக்சிஜன் கொடுத்தோம். தாயின் மார்போடு அணைத்து வைத்துக் குழந்தையைச் சூடேற்றினோம். நான்காம் நாள் நலமாக வீடு, அதாவது லாரி, திரும்பினார்கள்.

கரியும் விறகும் மூடிய இடத்தில் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. விரலில் மாட்டிப் பார்க்கும் சாதாரணக் கருவி அப்போதும் ஆக்சிஜன் அளவைச் சரியென்றே காட்டும். பெரியவர்களைவிட வேகமாக மூச்சுவிடும் குழந்தையை இந்த நஞ்சு விரைவில் பாதிக்கும். ஆகவே கணப்புச்சட்டி, கரி அடுப்பு, குளிப்பாட்டிய பின் போடும் சாம்பிராணி ஆகிய எதுவும் தார்ப்பாய்க்குள் வரவே கூடாது. என்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் அதே ஆபத்துதான். சின்ன சிலிண்டரைச் சமையல் முடிந்ததும் வெளியே வைத்துவிடுங்கள்; கசியும் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், குழந்தை படுத்திருக்கும் தளத்தில்தான் முதலில் தேங்கும்.

நெருப்பு இல்லாமலே சூட்டைக் காக்க முடியும். இரும்புத் தளத்தின் மேல் பலகையோ தடித்த அட்டையோ பரப்பி, அதன் மேல் நன்கு காய்ந்த வைக்கோலை அடைத்த சாக்குகளை நெருக்கமாக அடுக்கி, தூசி எழாதபடி கெட்டியான ஜமுக்காளத்தால் இழுத்து மூடிவிடுங்கள். டெல்டாவில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. கேட்டால் ஒரு கட்டுக் கொடுக்க மறுப்பவர்களும் குறைவு. வண்டியின் முகப்பு வடகிழக்கைப் பார்க்குமாறு நிறுத்தினால் காற்றை முகப்பே தடுக்கும். பின்புறத் தார்ப்பாயில் மேலும் கீழும் ஒரு சாண் இடைவெளி விட்டால் ஈரம் வெளியேறும். ஆற்றுப் படுகையிலும் பழைய தென்னைகளின் அடியிலும் நிறுத்த வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது தென்னந்தோப்புகள் விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். புயல் எச்சரிக்கை வந்தால் வண்டியை விட்டுவிட்டுப் பாதுகாப்பு மையத்துக்குச் சென்றுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த கணப்பு தாயின் மார்புதான். 1978இல் கொலம்பியாவின் பகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் தோலோடு சேர்த்துக் கட்டி வளர்க்கத் தொடங்கியதே இன்று உலகெங்கும் கங்காரு பராமரிப்பு என்று வழங்குகிறது. இடுப்புத்துணியும் குல்லாவும் மட்டும் அணிவித்த குழந்தையை மார்பில் நிமிர்த்திச் சாய்த்து, சேலையால் கட்டி, மேலே போர்வை போர்த்திக்கொள்ளலாம், தந்தையும் செய்யலாம். முகம் மூடக் கூடாது. வைத்திருப்பவர் விழித்திருக்க வேண்டும். தூக்கம் வந்தால், குழந்தையைத் தனி விரிப்பில் மல்லாத்திப் படுக்க வைத்துவிடுங்கள். குளியலை நண்பகலுக்கு மாற்றுங்கள், தினமும் தேவையில்லை. வண்டி ஓடும்போது தூளி கட்டுவதையும், பின்தளத்தில் குழந்தையோடு அமர்வதையும் அறவே தவிர்க்கவும்.

ஊர் மாறுவதால் தடுப்பூசி தவற வேண்டியதில்லை. அட்டையைப் பாலிதீன் உறையில் பத்திரப்படுத்தி, எந்த ஊரில் இருந்தாலும் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை காட்டினால் போதும். தெருவில் இத்தகைய வண்டி நிற்பதைக் காணும் உள்ளூர்க்காரர்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒரு வார்த்தை சொன்னால், அவரே தேடி வருவார்.

குழந்தையின் வயிறும் பாதமும் சேர்ந்து குளிர்ந்திருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேலும் இருந்தால் 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஈரத்துணியை அகற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு தார்ப்பாய்க்கு வெளியே காற்றோட்டமான மறைவில் அமர்ந்திருங்கள். வழியிலும் அணைப்பை விட வேண்டாம்.