கச்சத்தீவுக்கு விசா வேண்டாம், மற்ற காகிதமெல்லாம் வேண்டும்

"கச்சத்தீவில் இருக்கிற நம்ம அந்தோணியார் கோயிலுக்குப் போக எதுக்குச் சான்று?" என்று கேட்டபடி, மூட்டை முடிச்சோடு ராமேஸ்வரம் துறைமுகத்திலிருந்து திரும்பிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே வந்துபோகலாம், இலங்கை விசாவோ பயண ஆவணமோ கேட்காது என்கிறது. விசா வேண்டாம் என்றது இலங்கை. காகிதம் கேட்பது நம்ம ஆட்கள்.

கோயில் திருவிழா தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்), பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ, இரண்டு நாள். வேறு நாளில் "கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை ராமேஸ்வரம் வேர்க்கோடு பங்கு (அங்குள்ள தேவாலய நிர்வாகம்) வழியாகத்தான் கொடுக்க வேண்டும். போட்டோ, ஆதார் நகல், குற்ற வழக்கு இல்லை என்ற போலீஸ் சான்று மூன்றும் சேர வேண்டும்.

இழுத்தடிப்பதே அந்தச் சான்றுதான். ஆதாரில் ஊர் முகவரி, பிழைப்பு திருப்பூரில் என்றால் இரண்டு ஸ்டேஷனும் "எங்க எல்லை இல்லை" என்று கைகாட்டும். ஒரு அக்கா இப்படியே நாலு நாள் அலைந்து, கடைசித் தேதியைத் தவறவிட்டார். அறிவிப்பு வந்த அன்றே ஆதார் முகவரி இருக்கும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். மனுவுக்கு ரசீது கேளுங்கள். முகத்தைச் சுளிப்பார்கள், பரவாயில்லை. மீனவர் போராட்டத்தில் மறியலுக்குப் போயிருந்தால், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். பலருக்குச் சான்று கேட்கும்போதுதான் அது தெரியவருகிறது.

அரசு ஊழியருக்குத் துறையின் தடையில்லாச் சான்றும் வேண்டும். மேலதிகாரி லீவு போடுவதற்குள் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஆதார் அசலை எடுத்துக்கொள்ளுங்கள், துறைமுகத்தில் நகல் செல்லாது. பயணிகள் பட்டியலில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தாலும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள். போன படகிலேயே திரும்ப வேண்டும். அதனால் குடும்பம் மொத்தத்துக்கும் ஒன்றாக விண்ணப்பம் கொடுங்கள். மது, பிளாஸ்டிக், வியாபாரச் சரக்கு எதுவும் வேண்டாம்.

எல்லாம் கைக்கு வந்தாலும் பயணம் உறுதி என்று நினைக்காதீர்கள். 2024-ல் நம் மீனவர்கள் இலங்கையில் சிறைவைக்கப்பட்டதைக் கண்டித்துப் படகுக்காரர்கள் புறக்கணித்தார்கள், இங்கிருந்து பக்தர்கள் போகவில்லை. படகுக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் லாட்ஜுக்கு முன்பணம் கட்டியவருக்கு யாரும் திருப்பித் தரவில்லை. வெளியூர்க்காரர்கள் ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டாகப் போடுங்கள்.

தீவில் குடியிருப்பு இல்லை, நல்ல தண்ணீர் ஊற்றும் இல்லை. ராத்திரி தேர்ப்பவனி முடிந்து மணலில்தான் படுக்கை. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், சுகர் மாத்திரை, ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். போவது மீன்பிடிக்கிற விசைப்படகில். முழங்கால் வலி உள்ள பாட்டியைக் கூட்டிப்போவதாக இருந்தால், ஏற்றி இறக்க வாட்டசாட்டமான இரண்டு பேர் அதே படகில் இருக்க வேண்டும்.