வீட்டில் சோப் செய்கிறீர்களா? காஸ்டிக் சோடாவை எடை பார்த்துப் போடுங்கள்

போன வாரம் வந்த பெண்மணிக்கு முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தோல் வெந்திருந்தது. கொலு பார்க்க வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு கொடுக்கலாம் என்று வீட்டிலேயே சோப் செய்திருக்கிறார். காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர் கையில் தெறித்துவிட்டது. அந்த நிமிடமே குழாயடியில் கையை நீட்டியிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது. பக்கத்தில் இருந்த அத்தை எலுமிச்சம்பழத்தை அறுத்து அழுத்தித் தேய்த்திருக்கிறார். வீடியோவில் அப்படித்தான் சொன்னார்களாம். அதற்கு மேல் மஞ்சள், அதற்கும் மேல் தேங்காய் எண்ணெய். என்னிடம் வரும்போது மறுநாள் மதியம் ஆகிவிட்டது.

இந்த ஒருவர் மட்டும் என்றால் அவரிடமே பேசி அனுப்பியிருப்பேன். ஒரே வளைகாப்பில் தாம்பூலப் பையில் வாங்கிய சோப்பைத் தேய்த்துவிட்டு, ஒரே வீட்டிலிருந்து மாமியார், மருமகள், பள்ளிக்கூடப் பிள்ளை என வரிசையாகக் கழுத்தும் அக்குளும் சிவந்து வந்தார்கள். ஏற்காட்டில் சுற்றுலாக் கடையில் வாங்கிய காபி சோப்பால் முகம் உரிந்து ஒருவர் வந்தார். எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்ன முதல் வாக்கியம் ஒன்றுதான்: “டாக்டரம்மா, அதுல கெமிக்கலே கெடையாதுங்களே!”

இந்த வாக்கியத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டி சோப் கிடையாது. எண்ணெயும் காரமும் சேர்ந்து வினை நடந்தால்தான் சோப்பும் கிளிசரினும் வரும். கட்டி சோப்புக்கு அந்தக் காரம் சோடியம் ஹைட்ராக்சைடு, நம் ஊர்க் கடையில் கேட்டால் காஸ்டிக் சோடா. செக்கில் ஆட்டிய எண்ணெயாக இருந்தாலும் சரி, குப்பைமேனி, ஆவாரம்பூ, வேப்பிலை என்று எதைச் சேர்த்தாலும் சரி, இது மாறாது. “நாங்க காஸ்டிக்கே தொடறதில்ல, சோப் பேஸ் வாங்கி உருக்கித்தான் ஊத்தறோம்” என்கிறவர்கள் உண்டு. நல்லது, அது பாதுகாப்பான வழிதான். ஆனால் அந்த பேஸைச் செய்தவரும் காஸ்டிக் சோடாவையோ வேறொரு செயற்கை நுரைப்பொருளையோ போட்டுத்தான் செய்திருக்கிறார். உருக்கி ஊற்றிவிட்டு “கெமிக்கல் இல்லாதது” என்று எழுதினால் அது பொய்.

“பாட்டி காலத்தில் எந்த கெமிக்கல் இருந்தது?” என்றும் கேட்கிறார்கள். பாட்டி காலத்தில் சோப்பே அபூர்வம். சீயக்காயும் பயத்தம் மாவும் அரப்பும் தேய்த்துக் குளித்தார்கள். துணி வெளுத்தவர்கள் உவர்மண் போட்டார்கள். அந்த உவர்மண்ணில் இருந்ததும் ஒரு சோடியம் காரம்தான். காரம் நமக்குப் புதிதில்லை, அதைப் பற்றிய பயம் இல்லாமல் இருப்பதுதான் புதிது.

சரியாகச் செய்த சோப்பில் போட்ட காரம் முழுக்க எண்ணெயோடு சேர்ந்து தீர்ந்துவிடும், மிச்சம் நிற்காது. அப்படிச் செய்த வீட்டுச் சோப் உண்மையிலேயே நன்றாக இருக்கும். வினையில் பிறக்கும் கிளிசரின் அப்படியே உள்ளே தங்கியிருக்கும். நான் இந்தத் தொழிலுக்கு எதிரி இல்லை. வீட்டில் இருந்தபடி நாலு காசு சம்பாதிக்கும் பெண்களை எனக்குப் பிடிக்கும். அவர்களில் சிலர் எடையிலும் பதிவிலும் காட்டும் ஒழுங்கு எந்த ஆய்வகத்துக்கும் குறைந்ததில்லை. என் கோபமெல்லாம் “கெமிக்கல் இல்லை” என்று நம்பிக்கொண்டு காஸ்டிக் சோடாவைக் கல்லுப்பு மாதிரிக் கையாளுகிறவர்கள் மேல்தான். இல்லை என்று நம்பும் பொருளுக்கு யார் கண்ணாடி போடுவார்கள், யார் எடை பார்ப்பார்கள்?

அந்த எடைக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்முறைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் உதைக்கிறது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக மாற ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கிலோவுக்கு, லிட்டருக்கு இல்லை. கடையில் எண்ணெய் லிட்டரில்தான் கிடைக்கிறது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயின் எடை 910 முதல் 920 கிராம்தான் வரும். பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும், படித்துப் பாருங்கள். லிட்டர் பாக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு 183 கிராம் போட்டால் சுமார் 15 கிராம் காரம் சேர எண்ணெய் இல்லாமல் சோப்புக்குள்ளேயே நிற்கும். அது உங்கள் தோழியின் கன்னத்தில்தான் இறங்கும்.

இன்னொன்று, எண்ணெய்க்கு எண்ணெய் கணக்கு மாறும். விளக்கெண்ணெய் கிலோவுக்கு 128 கிராம் போதும். நல்லெண்ணெய்க்கு 133 கிராம் அளவில் வரும். “நுரை நல்லா வரட்டும்” என்று தேங்காய் எண்ணெயில் பாதியை எடுத்துவிட்டு விளக்கெண்ணெய் ஊற்றி, காஸ்டிக்கை மட்டும் பழைய அளவிலேயே போட்டால் கிலோவுக்கு 27 கிராம் மிஞ்சும். அந்த வளைகாப்பு சோப் இப்படித்தான் ஆகியிருந்தது. செய்த பெண்ணை வரச்சொல்லி நோட்டைப் பார்த்தேன். எல்லாம் அழகாக எழுதியிருந்தார். எண்ணெயை மாற்றிய அன்று காரத்தை மாற்றவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே ஒவ்வொரு எண்ணெய்க்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கூட்டுங்கள். இணையத்தில் இதற்கென்றே இலவசக் கணிப்பான்கள் இருக்கின்றன. வரும் விடையில் 5 சதவீதம் காரத்தைக் குறைத்துப் போடுங்கள். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 174 கிராம். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சட்டும், தோலுக்கு நல்லதுதான். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். டம்ளர், ஸ்பூன், கண்ணளவு எதுவும் இங்கே செல்லாது.

“ஒரு மாதம் காயவைத்தால் காரமெல்லாம் போய்விடும்” என்பது அடுத்த நம்பிக்கை. போகாது. காரம் எண்ணெயோடு சேரும் வேலை பெரும்பாலும் முதல் ஓரிரு நாட்களிலேயே முடிந்துவிடும். நான்கு முதல் ஆறு வாரம் காயவைப்பது ஈரம் வற்றிக் கட்டி உறுதியாக. அதற்காகக் காயவைக்கத்தான் வேண்டும். ஆனால் சேர எண்ணெயே இல்லாத காரம் எங்கே போகும்? மேலே வெள்ளைப் படிகம், உள்ளே வெள்ளைத் திட்டு, அறுத்தால் தண்ணீர் கசிவது, கையில் நனைத்துத் தேய்த்தால் சுருக்கென்று இருப்பது, இதில் எதைக் கண்டாலும் யாருக்கும் கொடுக்காதீர்கள். காரத்தன்மையை எண்ணில் காட்டும் பி.எச். தாள் வாங்கி நனைத்த சோப்பில் வைத்துப் பாருங்கள். 9, 10 என்றால் சோப்புக்கு அது இயல்பு. 11-க்கு மேல் போனால் தோலில் படக்கூடாது. சிலர் நாக்கால் தொட்டுப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதை விடுங்கள். எவ்வளவு மிஞ்சியது என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் துருவி, போதாமல் போன எண்ணெயைச் சேர்த்து மறுபடி காய்ச்சலாம். சொல்ல முடியவில்லையா? மொத்தமும் குப்பைக்கு.

செய்யும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், சீறி முகத்தில் அடிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். உருக்காலை இருக்கும் நம் சேலத்தில் எவர்சில்வர் பாத்திரத்துக்கா பஞ்சம்? கரைசல் சில நிமிடத்தில் 80 டிகிரியைத் தாண்டும், மூடி போட்ட பாட்டிலில் போட்டுக் குலுக்காதீர்கள். பாலோ தேனோ பதநீரோ சேர்த்தால் இன்னும் சூடேறிப் பொங்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆவியைக் குனிந்து முகராதீர்கள். பக்கமும் மூடிய கண்ணாடி வேண்டும். படிக்கிற கண்ணாடி போதாது. ரப்பர் கையுறை, முழுக்கை உடை, மூடிய செருப்பு. வெறுங்காலில் நின்று செய்கிறவர்கள்தான் அதிகம், புறங்காலில் விழுந்த புண்ணோடு நிறையப் பேர் வருகிறார்கள். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வையுங்கள், அடியில் காரம் தங்கினால் வெளியே தெரியாமல் அரிக்கும். துப்பட்டா தொங்கக்கூடாது. அடுப்பங்கரையில் பிள்ளைகள் இருந்தால் அன்றைக்குச் சோப் வேண்டாம்.

இப்போது எலுமிச்சை. தோலில் காரம் பட்டால் அமிலத்தால் அடக்கலாம் என்பது பள்ளிப் பாடத்தில் பாதியை மட்டும் நினைவில் வைத்த யோசனை. அந்த வினை சூட்டைக் கிளப்பும், தேய்ப்பது தோலை உரிக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம் நேரம். காரத் தீப்புண்ணில் முதலில் வலியே பெரிதாக இருக்காது, மேலே வழவழப்பாக மட்டும் இருக்கும். அந்த நேரத்தில் அது ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும். ஆகையால் எலுமிச்சை, வினிகர், மோர், மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். தூளாக ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் குறைந்தது அரை மணி நேரம் காட்டுங்கள். அரை மணி என்றால் கடிகாரத்தைப் பார்த்து அரை மணி. நம் நிறத் தோலில் இந்தப் புண் ஆறினாலும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். அதற்கான களிம்பு எழுதித் தரும் ஒவ்வொரு முறையும் அந்த முதல் அரை மணி நேரத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

கண்ணில் பட்டால் இன்னும் அவசரம். இமையை விரலால் பிரித்துப் பிடித்து, தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: உடனே வண்டியைக் கிளப்பி இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்துவிடலாம் என்று ஓடாதீர்கள். அங்கேயே அரை மணி கழுவுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், வரும் வழியிலும் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வாருங்கள். கழுவாமல் வந்து சேரும் கண்ணைக் கண் மருத்துவர்கள் திருப்பித் தருவது கடினம்.

உள்ளே போடும் மற்ற பொருட்களையும் சொல்ல வேண்டும். சாயப்பட்டறைக்கு வரும் துணிச் சாயம், ஹோலிப் பொடி, குங்குமம் இதெல்லாம் சோப்புக்கான நிறம் ஆகாது. ஊதுபத்திக்கும் மெழுகுவர்த்திக்கும் விற்கும் வாசனை எண்ணெயை வாங்கி ஊற்றுகிறார்கள். லவங்கப்பட்டை எண்ணெய், கிராம்பு எண்ணெய் இயற்கைதான். ஆனால் ஒவ்வாமை கிளப்புவதில் முன்வரிசையில் நிற்பவை. முதுகில் ஒட்டுப் போட்டு இரண்டு நாள் கழித்து நாங்கள் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையில் வாசனைப் பொருட்களுக்கென்று தனி இடமே உண்டு. காபித் தூளைக் கரகரப்பாகப் போட்டுக் கை காலுக்குத் தேய்க்கலாம், முகத்துக்கு வேண்டாம். நன்றாகச் செய்த சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான், நம் தோலோ லேசான அமிலம். அதனால் கைக்குழந்தைக்கும், கரப்பான் உள்ள பிள்ளைக்கும் “பேபி சோப்” என்று பெயர் எழுதிப் பரிசளிக்காதீர்கள்.

விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அழகுசாதனப் பொருள் செய்து விற்க, 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும்; இப்போது நடைமுறையில் இருப்பவை 2020-ஆம் ஆண்டு விதிகள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் விசாரியுங்கள். என்னென்ன சேர்த்தீர்கள், எந்தத் தொகுதி (பேட்ச்), என்றைக்குச் செய்தது, யார் செய்தது என்று உறையில் எழுதுங்கள். ஒவ்வாமை என்று ஒருவர் வந்தால் எனக்கு முதலில் வேண்டியது அந்த உறைதான், பெரும்பாலும் அதில் ஒரு தாமரைப் படம் மட்டும் இருக்கும். “வெண்புள்ளி குணமாகும்” என்று எழுதி விற்பது, மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதை நம்பி சிகிச்சையை நிறுத்திவிட்டு, திட்டு பரவியபின் வரும் இளம்பெண்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

கடைசியாகச் சொல்வதைத் தயவுசெய்து இன்றைக்கே செய்யுங்கள். மிஞ்சிய காஸ்டிக் கரைசலைக் குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். கரைசலை மிச்சம் வைக்கும்படி கரைக்கவே வேண்டாம். தூளை அது வந்த டப்பாவிலேயே, பெயர் தெரியும்படி, உயரத்தில் பூட்டி வையுங்கள். ஒரு மடக்கு போதும், பிள்ளையின் உணவுக்குழாய் வெந்துபோகும். வாயில் புண்ணே தெரியாவிட்டாலும் உள்ளே வெந்திருக்கலாம், வாரங்கள் கழித்துக் குழாய் சுருங்கிச் சோறு இறங்காமல் போகலாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வரும்போது இன்னொரு முறை வேகும். எலுமிச்சைச் சாறோ உப்புத் தண்ணீரோ கொடுக்காதீர்கள். வாயைத் தண்ணீரால் துடைத்துவிட்டு நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரவு பகல் திறந்திருக்கிறது. பாட்டிலையும் காஸ்டிக் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த அளவுக்குக் கரைத்தது என்று அங்கே முதலில் கேட்பார்கள்.