கோபன்: ஜப்பானியத் தெருமுனைக் காவலுக்குத் தமிழில் என்ன சொல்?

டோக்கியோவில் பர்ஸ் தொலைந்துவிட்டது, வீட்டுக்குப் போக ரயிலுக்குக்கூடக் காசில்லை என்று வைத்துக்கொள்வோம். தெருமுனையில் ஒரு சின்னக் கட்டடம் இருக்கும். வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு, உள்ளே மேசை, சுவரில் அந்த வட்டாரத்தின் வரைபடம், இரண்டு மூன்று காவலர்கள். விஷயத்தைச் சொன்னால் பெயர், முகவரி எழுதி வாங்கிக்கொண்டு வழிச்செலவுக்கு 1,000 யென் வரை கடனாகத் தருவார்கள். பிறகு எந்தச் சாவடியில் வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதற்கென்றே காவல்துறையில் ஒரு நிதி இருக்கிறது. அந்தச் சின்னக் கட்டடத்தின் பெயர்தான் கோபன். (சாவடி என்று நான் எழுதிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.)

முதலில் சொல்லின் பொருள். ஜப்பானிய எழுத்தில் இதற்கு இரண்டு குறிகள். முதல் குறியான ‘கோ’வுக்கு ஒன்றுக்கொன்று மாறுதல் என்று பொருள். ‘பன்’ என்றால் காவல் முறை, அதாவது ஒருவருக்கு வரும் ‘டர்ன்’. சேர்த்துப் படித்தால் ‘முறை மாற்றிக் காவல்’. நம் ஊரில் இரவைச் சாமங்களாகப் பிரித்து ஆள் மாற்றிக் காவல் இருந்ததைப் பழந்தமிழ் ‘யாமக் காவல்’ என்றது. ஏறக்குறைய அதே கருத்து.

1874இல் டோக்கியோ பெருநகரக் காவல்துறை உருவானது. அந்த ஆண்டிலேயே முக்கியமான சந்திப்புகளில் காவலர்கள் மாறி மாறி நிற்கும் இடங்களைக் குறித்து, ‘கோபன்ஷோ’ என்று பெயர் வைத்தார்கள். ‘ஷோ’ என்றால் இடம். 1881இல் அரசு அந்தப் பெயரை நீக்கிவிட்டு ‘ஹஷுத்சுஜோ’ என்று மாற்றியது. அனுப்பி வைக்கப்பட்டவர்கள் இருக்கும் இடம் என்று அதற்குப் பொருள். ஆனால் மக்கள் வாயில் அது ஏறவில்லை. நூறு ஆண்டுக்கு மேல் கோப்புகளில் ஒரு பெயரும் தெருவில் இன்னொரு பெயருமாக ஓடியது. கடைசியில் 1994இல் சட்டத்தைத் திருத்தி, மக்கள் சொன்ன ‘கோபன்’ என்பதையே அதிகாரப்பூர்வப் பெயராக ஏற்றுக்கொண்டார்கள். ஊர்ப்புறத்தில் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு: ‘சூசாய்ஷோ’. அங்கே காவலர் குடும்பத்தோடு அதே கட்டடத்தில் குடியிருப்பார்.

1874இல்தான் இந்த ஏற்பாடு முளைத்தது என்று சொல்லிவிட முடியாது. எடோ காலத்தில், அதாவது டோக்கியோ ‘எடோ’ என்ற பெயரில் இருந்தபோது, பேட்டைக்குப் பேட்டை ‘ஜிஷின்பன்’ என்ற காவல் குடில்கள் இருந்தன. ‘ஜிஷின்’ என்றால் தானே, சொந்தமாக. அந்தப் பேட்டையில் நிலம் வைத்திருந்தவர்கள் தாங்களே முறை போட்டுக் காவல் இருந்ததால் வந்த பெயர். தீயணைக்கும் கருவிகளை அங்கேதான் வைத்திருப்பார்கள். பல குடில்களின் மேல் தீ வந்தால் அடிக்கும் மணியும் இருந்தது. சாமுராய் மாளிகைகள் இருந்த பகுதிகளில் இதுபோலவே ‘சுஜிபன்’ என்ற நாற்சந்திக் காவல். ஜப்பானின் நவீனக் காவல்துறையை அமைத்த கவாஜி தோஷியோஷி ஐரோப்பா சென்று பிரெஞ்சுக் காவல்துறையைப் பார்த்துவிட்டு வந்தவர். மேலே பிரெஞ்சு அமைப்பு, கீழே எடோவின் பேட்டைக் குடில் என்று இரண்டும் கலந்துதான் கோபன் நிலைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று நாடு முழுவதும் 6,000க்கு மேற்பட்ட கோபன்கள் இருக்கின்றன. அங்கே நடப்பதில் பெரும்பகுதி, குற்றத்தோடு தொடர்பே இல்லாத வேலை. வழி சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. முகவரி என்பது வட்டாரம், மனைத் தொகுதி, கட்டட எண் என்று போகும், அந்த எண்களும் வரிசையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் உள்ளூர்க்காரர்கள்கூடக் கோபனில் கேட்டுத்தான் போவார்கள். அப்புறம், கண்டெடுத்த பொருள். குடை, கைப்பேசி, பணப்பை எல்லாம் முதலில் அங்கேதான் வந்து சேரும். டோக்கியோவில் 2018இல் மட்டும் மக்கள் கண்டெடுத்து ஒப்படைத்த ரொக்கம் சுமார் 380 கோடி யென்.

இன்னொரு வேலை, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. கோபன் காவலர் தன் பகுதியின் ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் போய், யார் இருக்கிறார்கள், அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதித் தரச் சொல்வார். தனியாக வாழும் முதியவர் உண்டா, நிலநடுக்கம் வந்தால் யாரை முதலில் தேட வேண்டும் என்பதற்கு இது உதவும் என்பது காவல்துறை சொல்லும் காரணம். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனியுரிமையை நினைத்துக் கதவைத் திறக்காதவர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. பல கோபன்கள் கைப்பட வரைந்த சின்னச் செய்தித்தாளும் போடுகின்றன: இந்த மாதம் நம் வட்டாரத்தில் எத்தனை சைக்கிள் திருடு போயின, எந்த மாதிரி மோசடித் தொலைபேசி அழைப்பு வருகிறது என்று. குளிர்கால இரவுகளில் வட்டாரச் சங்கத்துக்காரர்கள் மரக்கட்டைகளைத் தட்டிக்கொண்டு ‘நெருப்பு கவனம்’ என்று கூவிப் போகும் பழக்கமும் இன்னும் சில இடங்களில் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. 2000க்குப் பிறகு ‘காலிக் கோபன்’ என்பது அங்கே பெரிய புகாராக எழுந்தது. காவலர்கள் ரோந்துக்குப் போயிருப்பார்கள், வந்தவர் ஆளில்லாத அறையைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். ஓய்வுபெற்ற காவலர்களை ஆலோசகர்களாக அமர்த்தித்தான் அதை ஓரளவு சரிசெய்தார்கள்.

சரி, இந்தச் சொல் தமிழோடு எங்கே உரசுகிறது? சிங்கப்பூரில். கம்பங்களில், அதாவது பழைய கிராமக் குடியிருப்புகளில், வாழ்ந்த மக்கள் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளுக்கு மாறிய காலம் அது. பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தெரியாத நிலைமை வந்தது. ஜப்பானிய வல்லுநர்களை அழைத்து ஆராய்ந்த பிறகு, 1983இல் தோ பாயோ வட்டாரத்தில் கோபனை ஒட்டிய சிறு காவல் நிலையங்களைத் திறந்தார்கள். பல நிலையங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலேயே இருந்தன. மின்தூக்கிக்குப் போகிற வழியில் காவலரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். 1997 முதல் இவற்றைப் பெரிய மையங்களின் கீழ்க் கொண்டுவந்தார்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழி என்பதால் இதற்கும் ஒரு தமிழ்ப் பெயர் தேவைப்பட்டது. ‘அக்கம்பக்க போலிஸ் நிலையம்’ என்று சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் படிக்கலாம்.

‘அக்கம்பக்கம்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ‘சமூகக் காவல்’, ‘சமுதாயக் காவற்பணி’ என்று தமிழ்நாட்டில் எழுதுகிறோமே, அவற்றைவிட இது எவ்வளவோ மேல். சமூகம் என்ற சொல் நம் பேச்சில் சாதியையும் குறிக்கிறது. ‘எங்க சமூகத்து ஆளு’ என்று சொல்லும் ஊரில் ‘சமூகக் காவல்’ என்று பலகை வைத்தால் அது தவறான பொருளையே தரும். அக்கம்பக்கம் என்றால் யாராக இருந்தாலும் பக்கத்தில் இருப்பவர், அவ்வளவுதான்.

ஆனால் நகரின் மையப் பகுதிக்கு வரும்போது அந்தச் சொல்லும் போதாமல் போகிறது. தேக்காவை எடுத்துக்கொள்வோம், அதாவது சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா. ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தத் தெருக்களை நிரப்புகிறவர்கள் அங்கே குடியிருப்பவர்கள் இல்லை. தீவின் ஓரங்களில் உள்ள தங்கும் விடுதிகளிலிருந்து வரும் தமிழ்நாட்டு, வங்கதேசத் தொழிலாளர்கள் அவர்கள். ஊருக்குப் பணம் அனுப்ப, சாப்பிட, நண்பனைப் பார்க்க வருகிறார்கள். 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் சாலை அருகே தனியார் பேருந்து மோதித் தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஒருவர் இறந்ததும் கலவரம் வெடித்தது. அதன்பின் அங்கே மது விற்பனைக்கும் பொது இடத்தில் குடிப்பதற்கும் கடும் கட்டுப்பாடு வந்தது, காவலும் கூடியது. அந்தத் தொழிலாளர்கள் யாருக்கு அக்கம்பக்கம்? குடியிருப்பாளரை மட்டும் கணக்கில் எடுக்கிற சொல்லில் அவர்களுக்கு இடமில்லை. டோக்கியோவின் கின்சா கடைத்தெருவுக்கும் இதே நிலைமை. சுகியாபாஷி சந்திப்பில் செங்கல் சுவரும் கூர்ங்கூரையுமாக நிற்கும் கோபனுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வழிப்போக்கர்கள்.

‘புறக்காவல் நிலையம்’ என்பது தமிழ்நாட்டுக் காவல்துறை பயன்படுத்தும் சொல். மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் இந்தப் பலகையைப் பார்க்கலாம். ஆனால் ‘புறம்’ என்றால் வெளி. பெரிய நிலையம் நடுவில், இது அதன் வெளி எல்லையில் என்ற பார்வை அதில் இருக்கிறது. 1881இல் ஜப்பான் அரசு கொண்டுவந்து மக்கள் ஏற்காத பெயரும் இதே பார்வையில் பிறந்ததுதான். ‘போலீஸ் பூத்’ என்று பேச்சில் சொல்கிறோம், புரிகிறது. கோபனை அப்படியே எழுதலாமா என்றால், தமிழில் கோபன் என்பதைக் கோபக்காரன் என்று படிக்கவும் இடமிருக்கிறது. உதவிக்குப் போகிற இடத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

என் பரிந்துரை: காவல் சாவடி.

சாவடி புதிதாக உருவாக்க வேண்டிய சொல் இல்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் இதே சொல் சிறு மாற்றங்களோடு உண்டு. ஆங்கிலேயர் ‘சௌல்ட்ரி’ என்று எழுதியதும் இதைத்தான். ஊர்ச் சாவடியில் வழிப்போக்கர் இரவு தங்குவார்கள், பஞ்சாயத்து கூடும், வரி வசூல் நடக்கும், வேலை முடிந்தவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். ஊர்க்காரருக்கும் வந்து போகிறவருக்கும் அது பொது. நகர மையத்துக்குத் தேவையானது இந்தப் பொருள்தான். அதுவும் தவிர, அரசுத் தமிழே இந்தச் சொல்லை இன்றும் தாராளமாகப் பயன்படுத்துகிறது: வாக்குச் சாவடி, சுங்கச் சாவடி, சோதனைச் சாவடி. ஓட்டுப் போடும் இடம் சாவடியாகலாம் என்றால், தொலைந்த பர்ஸைச் சொல்லும் இடமும் ஆகலாம்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு படி மேலே போய்ச் சொல்லலாம். நகரின் பழைய மையமான ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடி இருக்கிறதே, அந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். கொத்தவால் என்பது ‘கோத்வால்’. நகரக் காவலையும் சந்தையையும் கவனித்த அதிகாரி. பாரசீகம் வழியாக நமக்கு வந்தாலும் அதன் அடி ‘கோட்டபாலன்’, கோட்டையைக் காப்பவன் என்பது. அதில் உள்ள ‘கோட்ட’ நம் கோட்டைதான், திராவிட மொழிகளிலிருந்து வடமொழிக்குப் போனது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். ஆக, காவல் அதிகாரியின் சாவடி! 1996இல் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போகும்வரை, விடியும் முன்பே மூட்டை தூக்குகிறவர்களும் வண்டிக்காரர்களும் நிரம்பி வழிந்த தெருக்கள் அவை. நகரத்துக்கு வெளியிலிருந்து வந்து போகிறவர்களின் இடத்துக்குத்தான் அந்தப் பெயர் வாய்த்திருக்கிறது.

பக்கத்திலேயே பெத்தநாயக்கன்பேட்டை. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக்குக் காவல் பொறுப்பேற்றிருந்தவரின் பதவிப் பெயர் பெத்த நாயக். அவருக்கு வரியில்லா வயலும், சந்தைக்கு வரும் அரிசி, மீன், எண்ணெய் போன்றவற்றில் சிறு பங்கும் கிடைத்தன. பதிலுக்கு, களவு போனால் இழப்பை அவர் ஈடுகட்ட வேண்டும். கிராமங்களில் கல்வெட்டுக் காலத்திலிருந்து வந்த ‘பாடிகாவல்’ முறையின் தொடர்ச்சியாகவே இதைப் பார்க்கத் தோன்றுகிறது. இன்னும் பின்னே போனால், மதுரைக்காஞ்சி இரவு மதுரையைக் காத்தவர்களை ‘ஊர் காப்பாளர்’ என்கிறது. உறங்காத கண்ணும் அஞ்சாத கொள்கையும் உடையவர்கள், பதுங்கும் கள்வரை யானையைப் பார்த்திருக்கும் புலிபோல் பார்த்திருப்பவர்கள் என்று வரும் அந்தப் பகுதியில் அவர்களின் நூலறிவும் புகழப்படுகிறது. 1859இல் மதராஸ் மாவட்டப் போலீஸ் சட்டமும், 1888இல் சென்னை நகரப் போலீஸ் சட்டமும் வந்தன. காவலர் அரசின் ஊழியர் ஆனார். அது நல்லதுதான். காவல் கூலி கொடுக்காதவன் வீட்டில் களவு நடக்கும் என்ற பழைய பயம் அதனால்தான் போனது. ஆனால் ஒரே ஆள் ஒரே தெருவை ஆண்டுக்கணக்கில் அறிந்திருந்த பழக்கமும் கூடவே தேய்ந்துவிட்டது.

இன்று அந்தப் பழக்கத்தின் மிச்சம் ‘பீட்’ காவலரிடம் இருக்கிறது. இரவு ரோந்தில் அவர் குறிப்பிட்ட வீட்டிலோ, கோயிலிலோ, வங்கி வாசலிலோ வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். காலையில் அந்தக் கையெழுத்தைப் பார்க்கலாம், ஆனால் ஆளைப் பார்த்திருக்க மாட்டோம். சாவடி இருந்தால் ஆளைப் பார்க்கலாம்.

ஒன்றைக் கட்டாயம் பிரித்துச் சொல்ல வேண்டும். காவல் சாவடி என்பது தன்னார்வலர்களைக் காவலராக்குவது இல்லை. 1993இல் ராமநாதபுரத்தில் ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ தொடங்கியபோது, மக்களையும் காவலரையும் நெருக்கமாக்கும் நல்ல நோக்கம்தான் இருந்தது. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்த கொடுமையில் இந்தத் தன்னார்வலர்களுக்கும் பங்கிருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அந்த ஜூலையிலேயே தமிழ்நாடு அரசு அந்த அமைப்பைத் தடைசெய்தது. அதிகாரமும் பயிற்சியும் இல்லாதவர் கையில் லத்தி போகக் கூடாது. சென்னையில் காவல்துறை உதவியோடு நடக்கும் சிறுவர் சிறுமியர் மன்றங்கள் வேறு வகை. மாலையில் பாடம், விளையாட்டு, படிப்பை விட்ட பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்புவது என்ற அளவில் அவை நிற்கின்றன. சாவடியை ஒட்டி நடக்க வேண்டியது இந்த மாதிரி வேலை.

ஆகவே எழுதும்போது இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். குடியிருப்புப் பகுதியில் செய்யும் பணியைச் சொல்ல ‘அக்கம்பக்கக் காவல்’. இடத்தைச் சொல்ல ‘காவல் சாவடி’. அங்கே பணியில் இருப்பவர் ‘சாவடிக் காவலர்’. சூசாய்ஷோ போலக் குடும்பத்தோடு தங்கிப் பார்ப்பது ‘உறைகாவல்’. சிங்கப்பூரில் அண்மைக் காலமாகச் சில சிறு நிலையங்களில் ஆளுக்குப் பதில் தொடுதிரை இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள். புகாரைப் பதியலாம், கண்டெடுத்த பொருளைப் பெட்டியில் போடலாம். அவற்றைச் சாவடி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘காவல் சேவை மையம்’ என்று சொன்னால் போதும்.