நாய்க்கு சிப் போட்டாயிற்று, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது?

நம் ரெயூனியன் தீவு பிரான்சின் ஒரு மாவட்டம். நாய், பூனை வளர்ப்பது பற்றிப் பாரிசில் என்ன சட்டமோ அதுவேதான் சேன்-அந்த்ரேயிலும் சலாசி மலைமேலும். 1999 ஜனவரி 6-க்குப் பிறகு பிறந்த நாய் நான்கு மாத வயதைத் தாண்டிவிட்டால் அதற்கு நிரந்தர அடையாளம், அதாவது சிப்போ பச்சையோ, கட்டாயம். 2012 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்த பூனைக்கு ஏழு மாதம் வரை அவகாசம். விலை கொடுத்து வாங்கிய இனநாயா, தெருவில் எடுத்து வளர்த்த ‘ருவாயால் புர்போன்’ என்னும் நம்மூர் நாயா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. அடையாளமில்லாமல் வைத்திருந்தால் அபராதம் 750 யூரோ வரை போகலாம்.

பலரும் பாதி வேலையோடு நின்றுவிடுகிறார்கள். நாயின் கழுத்தில் சிப் போட்டதும் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தச் சிப்பில் உங்கள் பெயர் இல்லை, முகவரி இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. இருப்பது ஒரே ஒரு எண். அந்த எண்ணுக்கு நேரே தேசியப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நாய் தொலையும்போதும் திருடு போகும்போதும் பேசும். பதிவேட்டில் பழைய எண் கிடந்தால் சிப் இருந்தும் பயனில்லை.

சிப் என்பது அரிசி மணி அளவே உள்ள கண்ணாடிக் குழல். கால்நடை மருத்துவர் ஊசி மூலம் கழுத்தின் இடப்பக்கத் தோலுக்கடியில் செலுத்துவார். இங்கே ‘பூஸ்’ என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். அதில் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவியை அருகில் கொண்டுபோனால் மட்டும், அந்தக் கருவியின் அலையிலிருந்தே சக்தி பெற்று, தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். பிரான்சில் போடப்படும் சிப்பின் எண் 250 என்று தொடங்கும். நாய் இப்போது எங்கே இருக்கிறது என்று சிப் சொல்லாது. அதற்கு வேண்டியது ஜிபிஎஸ் பட்டை. பட்டையைத் திருடன் ஒரு நொடியில் கழற்றி எறிந்துவிடுவான், சிப்பை அப்படி எடுத்துவிட முடியாது.

பச்சை குத்துதல்தான் பழைய முறை. காதின் உட்புறமோ தொடையின் உட்புறமோ எழுத்தும் எண்ணுமாகக் குத்துவார்கள். இன்றும் சட்டப்படி செல்லும். ஆனால் ஆண்டுகள் போகப் போக மை மங்கும், காதில் முடி மூடும், மூன்றா எட்டா என்று தெரியாமல் போகும். 2011 ஜூலை 3-க்குப் பிறகு குத்திய பச்சையை வெளிநாட்டுப் பயணத்துக்கு ஐரோப்பிய விதி ஏற்பதில்லை. இன்று புதிதாகப் போடுவதென்றால் சிப் போடுவதே சரி என்பேன். வயதான நாய்க்குப் பச்சை மங்கியிருந்தால் கூடவே சிப்பும் போட்டுக்கொள்ளலாம்.

சிப் சில நாய்களுக்குத் தோலடியில் தோள் பக்கமோ மார்புப் பக்கமோ நகர்ந்துவிடும். ஆண்டுத் தடுப்பூசிக்குப் போகும்போது கருவியை வைத்து எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். சிப் இருக்கிற இடமும் தெரியும், வேலை செய்கிறதா என்பதும் தெரியும்.

பதிவேடு

பிரான்சு முழுவதற்குமான பதிவேட்டின் பெயர் ஐ-காட். வேளாண் அமைச்சகத்தின் சார்பில் நடக்கிறது. சிப் போட்ட மருத்துவரே விவரங்களை அங்கே அனுப்பிவிடுவார். பிறகு உங்கள் பெயரில் அடையாள அட்டை வரும். அதற்குப் பின் வரும் மாற்றங்களைச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. வீடு மாறினால், தொலைபேசி எண் மாறினால், நாயை வேறொருவருக்குக் கொடுத்தால், நாய் இறந்தால், எல்லாவற்றையும் ஐ-காடுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நம் குடும்பங்களில் இது எங்கே சறுக்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். மகன் ஆசையாக நாய்க்குட்டி கொண்டுவந்து தன் பெயரில் பதிகிறான். இரண்டு வருடத்தில் படிப்புக்கோ வேலைக்கோ துலூசுக்கோ லியோனுக்கோ போய்விடுகிறான். போன இடத்தில் 0692 எண்ணை விட்டுவிட்டு வேறு எண் வாங்குகிறான். நாய் இங்கே அப்பா அம்மாவோடு இருக்கிறது. ஒருநாள் வேலி தாண்டிப் போய், யாரோ நல்ல மனிதர் பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோகிறார். மருத்துவர் எண்ணைப் படித்துக் கூப்பிட்டால், அந்தத் தொலைபேசி எங்கும் அடிப்பதில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் பதிவைப் பெற்றோர் பெயருக்கு மாற்றிவிடுவது நல்லது. அது முடியாவிட்டால் இங்கே எடுக்கக்கூடிய எண் ஒன்றையாவது பதிவேட்டில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, தெரிந்தவர் வீட்டுக் குட்டி. கோயிலில் பார்த்தபோது பேசி, அடுத்த ஞாயிறு போய்த் தூக்கிவருவது. காசு வாங்கவில்லை, உறவுக்காரர்தான், ஆனாலும் சட்டம் விலக்குக் கொடுப்பதில்லை. விற்றாலும் சும்மா கொடுத்தாலும், கொடுப்பவர்தான் கைமாறும் முன்பே குட்டிக்கு அடையாளம் போட்டிருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியைக் கொடுக்கவே கூடாது. 2022 அக்டோபர் 1 முதல், முதன்முறை நாய் அல்லது பூனை வாங்குபவர் அதன் தேவைகளை அறிந்திருக்கிறேன் என்று ஒரு உறுதிச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்கும் குட்டி கைக்கு வருவதற்கும் இடையே குறைந்தது ஏழு நாள். இதெல்லாம் 2021 நவம்பர் 30-ஆம் தேதிச் சட்டத்தின் பலன். அவசரத்தில் வாங்கி அலுப்பில் கைவிடுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். தெருநாய்த் தொல்லையால் இவ்வளவு தவிக்கும் இந்தத் தீவுக்கு மிகவும் வேண்டிய சட்டம் அது.

தொலைந்தால்

இங்கே நாய்கள் தொலையும் காலம் நமக்குத் தெரிந்ததுதான். தீபாவளி வெடி, டிசம்பர் 31 இரவு வெடி, அப்புறம் புயல். 2024 ஜனவரியில் பெலாலும் 2025 பிப்ரவரியில் காரான்சும் வந்தபோது எத்தனை வேலிகள் சாய்ந்தன என்பதைப் பார்த்தோம். நாய் போன அன்றே ஐ-காடில் தொலைந்ததாக அறிவியுங்கள். இணையத்தில் செய்யலாம், அவர்களுடைய ஃபிலாலாபாட் செயலியிலும் செய்யலாம். பக்கத்து மருத்துவர்களுக்கும் மேரி என்னும் நகராட்சி அலுவலகத்துக்கும் சொல்லி வையுங்கள்.

உங்கள் பார்வையில் இல்லாமல், கூப்பிடு தூரத்துக்கு அப்பால், அல்லது நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போன நாயைச் சட்டம் அலையும் நாய் என்றே எண்ணும். பகலெல்லாம் தெருவில் சுற்றிவிட்டு இரவு சோற்றுக்கு வீடு திரும்பும் நாய்க்கும் இது பொருந்தும். அதைப் பிடித்து ஃபூரியேர் என்னும் அடைப்பிடத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே எட்டு வேலை நாள் வைத்திருப்பார்கள். அடையாளம் இருந்தால் உரிமையாளரைத் தேடி அறிவிப்பது அடைப்பிடத்தின் கடமை. அடையாளம் இல்லாவிட்டால் யாரைத் தேடுவது? நீங்களாகவே அந்த எட்டு நாளுக்குள் கண்டுபிடித்துப் போனாலும், உங்கள் செலவில் சிப் போட்ட பிறகே நாயைக் கையில் தருவார்கள். அடைப்பிடக் கட்டணமும் உங்களுடையதே. எட்டு வேலை நாள் தாண்டிவிட்டால் நாய் கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டு அடைப்பிடத்துக்குச் சொந்தமாகிவிடும். வளர்ப்புக்குக் கொடுக்கப்படலாம், மருத்துவர் அவசியம் என்று கண்டால் கருணைக்கொலையும் செய்யப்படலாம். நாள் எண்ணிக்கையை நினைவில் வையுங்கள்.

திருடு போனால்

நாய்க்கு உணர்வு உண்டு என்று 2015 முதல் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் உரிமை விஷயத்தில் பொருளுக்கான விதிகளே அதற்கும். எனவே நாயைத் திருடுவது திருட்டுக் குற்றம். சாதாரணத் திருட்டுக்கே மூன்று ஆண்டு வரை சிறையும் 45,000 யூரோ வரை அபராதமும் உண்டு. திருட்டு நாய் என்று தெரிந்தே வாங்கி வைத்திருப்பவருக்குத் தண்டனை அதைவிடக் கடுமை: ஐந்து ஆண்டு, 375,000 யூரோ வரை. பாதி விலைக்கு நல்ல இனநாய் கிடைக்கிறது, கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வோம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

முதல் வேலை ப்ளேன்த், அதாவது முறையான புகார். கொமிசாரியா என்னும் காவல் நிலையத்திலோ ஜாந்தார்மரி காவல்படை நிலையத்திலோ கொடுக்கலாம். “மேன் கூரான்த்தில் (நிலையத்தின் குறிப்பேட்டில்) எழுதிக்கொள்கிறோம், போதும்” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது நடந்ததைக் குறித்துவைப்பது மட்டும்தான், விசாரணை அதிலிருந்து தொடங்காது. புகாரை வாங்க மறுக்கக் காவலருக்குச் சட்டத்தில் இடமில்லை. அப்படியும் தட்டிக்கழித்தால் சேன்-தெனி அல்லது சேன்-பியேர் நீதிமன்றத்தின் அரசு வழக்கறிஞருக்கு நேரடியாகக் கடிதம் எழுதலாம். பிரெஞ்சு சரளமாக வராத பெரியவர்கள் தனியாகப் போய்த் திரும்பிவர வேண்டாம். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ துணைக்குப் போங்கள். புகாரில் 15 இலக்க எண்ணைக் கட்டாயம் எழுதச் செய்யுங்கள். “பழுப்பு நிற நாய், நடுத்தர உயரம்” என்றால் தீவில் பாதி நாய் அந்த அடையாளத்துக்குள் வந்துவிடும். எண் ஒரே நாய்க்குத்தான்.

ரசீதையும் புகார் நகலையும் வாங்கி, திருட்டை ஐ-காடிலும் பதியுங்கள். இதை விட்டுவிடக் கூடாது. திருடியவன் நாயை விற்றாலும், வாங்கியவர் ஒருநாள் தடுப்பூசிக்குக் கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும். அன்று கருவியை வைத்துப் பார்க்கும் மருத்துவருக்கு எண் தெரியும், பதிவேட்டில் திருட்டு என்ற குறிப்பும் தெரியும்.

நாய் வேறொருவர் வீட்டில் இருப்பது தெரியவந்தால்? அவர் திருட்டுப் பொருள் என்று அறியாமல் வாங்கியிருந்தாலும், திருடுபோன நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் நீங்கள் உரிமை கோரித் திரும்பப் பெறலாம் என்கிறது குடிமைச் சட்டத்தின் 2276-ஆம் பிரிவு. ஒரே ஒரு சிக்கல்: அவர் அதைச் சந்தையிலோ அப்படிப்பட்டவற்றை விற்கும் வியாபாரியிடமோ வாங்கியிருந்தால், அவர் கொடுத்த விலையை நீங்கள் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். மனத்துக்கு நியாயமாகப் படாது, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. நீங்களாகப் போய் வேலி தாண்டித் தூக்கிவருவது வேண்டவே வேண்டாம். அது உங்களைக் குற்றவாளியாக்கிவிடும்.

ஐ-காட் பதிவு மட்டுமே முழு உரிமைப் பத்திரம் ஆகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். காரின் பதிவுச் சான்றான கார்த் கிரீஸ் போலத்தான்: யாருடையது என்று வலுவாகக் காட்டும், ஆனால் வழக்கு என்று வந்தால் மறுதரப்பு வேறு சான்று காட்டி எதிர்க்கலாம். எனவே குட்டியைக் கொடுத்தவர் எழுதிக்கொடுத்த தாள், மருத்துவச் செலவு ரசீதுகள், தடுப்பூசிப் புத்தகம், வீட்டில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கணவன் மனைவி பிரியும்போது நாய் யாருக்கு என்று எழும் சண்டையிலும் இந்தக் காகிதங்கள்தான் பேசும்.

வாங்கும் பக்கத்திலிருந்தும் திருட்டைத் தடுக்கலாம். நாய், பூனை கொடுப்பதாக வரும் விளம்பரத்தில் அந்தக் குட்டியின் அடையாள எண்ணோ தாயின் எண்ணோ இருக்க வேண்டும் என்பது விதி. எண் இல்லாத விளம்பரத்தைக் கடந்து போங்கள். நாயைப் பார்க்கப் போகும்போது அட்டையைக் கேட்டு, அட்டையில் உள்ள பெயரும் எதிரே நிற்பவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். முடிந்தால் இருவருமாக மருத்துவரிடம் போய் எண்ணைப் படித்துவிட்டுப் பிறகு காசைக் கொடுங்கள். நேர்மையாக விற்பவர் இதற்கு மறுக்க மாட்டார்.

செலவும் பயணமும்

சிப் போட இவ்வளவுதான் என்று அரசு விலை வைக்கவில்லை. மருத்துவருக்கு மருத்துவர் மாறும், இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு, கருத்தடையோடு சேர்த்து அடையாளத்துக்கும் உதவும் முகாம்களை நகராட்சிக் கூட்டமைப்புகள் நடத்துகின்றன. சேன்-அந்த்ரே, சேன்-பெனுவா, ப்ரா-பனோன், சலாசி பக்கத்தவருக்கு சிரெஸ்ட். சேன்-தெனி, சேன்த்-மரி, சேன்த்-சுசானுக்கு சினோர். மேற்கே சேன்-பொல், லெ போர் பக்கம் தே-சே-ஓ. சேன்-பியேர், சேன்-லூயிக்கு சிவிஸ். தாம்போன், சேன்-ஜோசேஃபுக்கு காசூட். நிபந்தனையும் இடங்களின் எண்ணிக்கையும் ஒவ்வோர் ஆண்டும் மாறும். வரி அறிவிப்புத் தாளையும் முகவரிச் சான்றையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இடம் சீக்கிரம் நிறைந்துவிடும், ஆண்டுத் தொடக்கத்திலேயே விசாரிப்பது நல்லது.

புதுச்சேரிக்கோ காரைக்காலுக்கோ நாயையும் கூட்டிப்போக நினைப்பவர்கள் வரிசையைத் தவறவிடக் கூடாது. முதலில் சிப், அதன் பிறகே வெறிநாய்த் தடுப்பூசி. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது. இந்தியாவிலிருந்து திரும்பும்போது எதிர்ப்பாற்றலைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். தடுப்பூசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து அந்த இரத்தத்தை எடுக்க வேண்டும். அங்கே போய் எடுத்தால் அதன் பிறகு மூன்று மாதம் காத்திருந்துதான் நாயை இங்கே கொண்டுவரலாம். புறப்படும் முன்பே இங்கே எடுத்து, நாயின் பாஸ்போர்ட்டில் பதிந்து, தடுப்பூசியையும் தவணை தப்பாமல் போட்டுவந்தால் அந்தக் காத்திருப்பு இல்லை.