துப்பாக்கிக்கு முன் பயிற்சியை வாங்குங்கள்

சென்ற ஆண்டு மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை. டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு மேற்கே நான் துப்பாக்கி வகுப்பெடுக்கும் சுடுதளத்துக்கு மதுரைப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் வந்தார். மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர், கிரீன் கார்டு வைத்திருப்பவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் புத்தம்புதிய கைத்துப்பாக்கி. 650 டாலர் கொடுத்து வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒருமுறைகூடச் சுட்டதில்லை.

"வகுப்புக்கு 400 டாலர் கேட்கிறார்கள், அண்ணா. இதை வாங்கியதிலேயே கையிலிருந்தது கரைந்துவிட்டது. அதனால் அலமாரியில் வைத்துவிட்டேன்" என்றார்.

எந்த அலமாரி என்று கேட்டேன். படுக்கையறையில், துணிகளுக்கு அடியில். வீட்டில் ஏழு வயதுப் பையன் இருக்கிறான்.

பதினோரு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வரிசையில்தான் வருகிறார்கள். முதலில் பயம், பிறகு கடை, பிறகு துப்பாக்கி, மிச்சம் மீதி இருந்தால் பயிற்சி. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை இல்லாத ஒருவர் உரிமம் பெறாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். அதற்கு முன்பு உரிமத்துக்காகவாவது ஒரு நாள் வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. சட்டம் கேட்கவில்லை என்பதாலேயே பயிற்சி தேவையில்லை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசும் முன் நம்மவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. சுடுதளத்தில் வாடகைக்கு வாங்கி அரை மணி நேரம் சுடுவதும் அந்தத் தடைக்குள் வரும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்கும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். பிறந்தநாள் கொண்டாட்டம் என்று நண்பர்களோடு போய்ச் சுட்டுவிட்டு, படமும் எடுத்துப் பகிர்ந்துவிட்டு, பிறகு பதறிப்போய் என்னைத் தொலைபேசியில் அழைத்த இளைஞர்கள் உண்டு. விளையாட்டாகச் செய்த காரியத்துக்குக் குற்ற வழக்கும் விசா இழப்பும் விலையாகிவிடக் கூடாது. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கும் குடியுரிமை பெற்றவர்களுக்கும் இந்த விசாத் தடை கிடையாது.

இனிப் பணம். அந்தச் செவிலியரிடம் 400 டாலர் கேட்டது இரண்டு நாள் தற்காப்பு வகுப்பு. அதற்கு 500 தோட்டாக்களாவது கொண்டுபோக வேண்டும். 9 மி.மீ. தோட்டா ஒன்று கால் டாலருக்கு மேல் விற்கிறது, கூட்டிப் பாருங்கள். அதைவிட முக்கியமானது, முதல் நாளே அங்கே போவது நீச்சல் தெரியாதவர் கடலில் இறங்குவது போன்றது. துப்பாக்கியை உறையிலிருந்து வேகமாக உருவுவது, நகர்ந்துகொண்டே சுடுவது எல்லாம் பிறகு வர வேண்டியவை. தொடக்கக்காரருக்குத் தேவை மூன்று நான்கு மணி நேர அடிப்படை வகுப்பு. எங்கள் வட்டாரத்தில் அது 75 முதல் 150 டாலருக்குள் கிடைக்கிறது. பெரும்பாலும் துப்பாக்கியை அவர்களே தருவார்கள். தேசிய ரைஃபிள் சங்கத்தின் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்களிடம் இந்த வகுப்பைத் தேடலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தங்கள் படைவீரர்கள் குறி தவறியதைக் கண்டு மனம் நொந்த இரண்டு ராணுவ அதிகாரிகள் 1871-இல் தொடங்கிய சங்கம் அது. அதன் இன்றைய அரசியலில் எனக்கு உடன்பாடு இல்லாதவை நிறைய இருக்கின்றன. ஆனாலும் அதன் அடிப்படைக் கைத்துப்பாக்கிப் பாடத்திட்டம் நல்லது.

இன்னும் மலிவாக வேண்டுமென்றால், வேட்டைக் கல்வி வகுப்பு. "நான் சைவம், எனக்கு எதற்கு வேட்டை?" என்று கேட்டவர்களையும் அங்கே அனுப்பியிருக்கிறேன். டெக்சஸில் கட்டணம் 15 டாலர். துப்பாக்கியைக் கையிலெடுப்பது, இன்னொருவரிடம் கொடுப்பது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். மற்ற மாநிலங்களிலும் இத்தகைய வகுப்பு உண்டு, சில இடங்களில் இலவசமாகவே. இதற்கான பணத்தில் ஒரு பகுதி 1937-இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டத்தின்படி கிடைக்கிறது. கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதமும், நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதமும் தயாரிப்பாளர்களிடம் வசூலிக்கும் வரி அது. நீங்கள் வாங்கும் தோட்டாவின் விலைக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. கொடுத்த வரிக்கு உரிய பலனைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உரிம வகுப்பையும் விட்டுவிடாதீர்கள் என்று டெக்சஸ்காரர்களுக்குச் சொல்வேன். கட்டாயம் போய்விட்டாலும் உரிமம் இன்னும் இருக்கிறது, மாநிலக் கட்டணம் 40 டாலர். சுடும் தேர்வு எளிது. 3, 7, 15 கெஜ தூரங்களில் 50 தோட்டாக்கள், 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அந்த வகுப்பின் உண்மையான மதிப்பு சட்டப் பாடத்தில் இருக்கிறது. எப்போது சுடலாம், எப்போது கூடாது, சண்டையை வார்த்தையாலேயே எப்படித் தணிப்பது என்பதெல்லாம் அதில் வரும். கொல்லைப்புறத்தில் நிழலாடியது என்பதற்காகச் சுட்டுவிட்டு, வந்தது பக்கத்து வீட்டுப் பையன் என்று தெரிந்தால் பிறகு எந்த நீதிமன்றமும் அந்தத் தோட்டாவைத் திருப்பி எடுத்துத் தராது.

மலிவு என்பதற்காக யாரிடம் வேண்டுமானாலும் போகாதீர்கள். நான் முதன்முதலில் சேர்ந்த வகுப்பில் பயிற்சியாளர் "இது காலிதான்" என்று சொல்லிக்கொண்டே துப்பாக்கியை வீசி வீசிப் பேசினார். உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரின் நெஞ்சையும் அதன் முனை தடவிக்கொண்டு போனது. என் வயிறு சுருண்டது. ஆனால் கட்டிய பணத்தை நினைத்து வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். இன்றும் அதற்காக வருந்துகிறேன். அரிசோனாவின் பால்டனில் 1976-இல் கன்சைட் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகள் இந்தத் தொழிலின் அகரவரிசை. எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா நிரம்பியதே. அழிக்க விரும்பாத எதன்மீதும் முனை திரும்பக் கூடாது. குறி இலக்கில் நிலைக்கும்வரை விசையில் விரல் வைக்கக் கூடாது. இலக்கையும் அதற்கு அப்பால் இருப்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். இவற்றில் ஒன்றைப் பயிற்சியாளரே மீறினால் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள், கட்டணம் போனால் போகட்டும். பணம் கட்டும் முன்பே ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். சுடும் வரிசையில் நான் ஐந்து பேருக்கு மேல் நிறுத்துவதில்லை. காயத்துக்கான முதலுதவிப் பை எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எரிச்சல்படுகிறவர் வேண்டவே வேண்டாம்.

செவிலியரிடம் திரும்புகிறேன். கடைக்காரர் அவருக்கு விற்றது உள்ளங்கைக்குள் அடங்கும் மிகச் சிறிய துப்பாக்கி. பெண்கள் என்றால் சிறியதைக் காட்டுவது பல கடைகளில் வழக்கம். எடை குறைந்தால் பின்னுதைப்பு கூடும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதைப் பூட்டிவைத்துவிட்டு, வாடகைக்கு எடுத்த, சின்னத் தோட்டா போடும் பாயின்ட் 22 துப்பாக்கியைக் கொடுத்தேன். அதன் தோட்டா 9 மி.மீ. தோட்டாவின் விலையில் பாதிகூட இல்லை, சத்தமும் உதைப்பும் குறைவு. அரை மணி நேரத்தில் தோள் தளர்ந்து, மூச்சு சீரானது.

அதன்பின் நடுத்தர அளவுள்ள 9 மி.மீ. துப்பாக்கி. தோட்டாக்களை அடுக்கும் மேகசினை நானே நிரப்பினேன். நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத இரண்டு போலித் தோட்டாக்கள், எந்த இடத்தில் என்று அவருக்குத் தெரியாது. முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவதில் விசையை இழுத்தார், 'டிக்' என்ற ஒலி மட்டும். ஆனால் துப்பாக்கியின் முனை இரண்டு விரற்கடை கீழே குத்தியது. வெடி வரும் என்று எதிர்பார்த்து அவர் மணிக்கட்டு முன்கூட்டியே அமுக்கியிருந்தது. "நானா இப்படிச் செய்தேன்?" என்று திகைத்து நின்றார். கண்ணை மூடியதும் அவருக்கே தெரியவில்லை. நூறு தோட்டா சுட்டாலும் புலப்படாத பிழையை ஒரு போலித் தோட்டா காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பொட்டலம் இருபது டாலருக்குள் கிடைக்கும்.

இந்தப் பிழை போவதற்குத் தோட்டாவே தேவையில்லை. இரவில் பத்து நிமிடம், காலித் துப்பாக்கியோடு வீட்டில் பழகலாம். முனைக்கு மேலே ஐந்து சென்ட் நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுக்கப் பழகுங்கள். ஆனால் இதில் கறாராக இருக்க வேண்டும். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் இருக்க வேண்டும். துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் குழி காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். நம் ஊர்ச் செங்கல் சுவரை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே வீட்டின் உட்சுவர் வெறும் ஜிப்சம் பலகை, தோட்டா அதைத் துளைத்து அடுத்த அறைக்குப் போய்விடும். ஆகவே தோட்டாவை உண்மையிலேயே தடுக்கக்கூடிய திசையைப் பார்த்தே பழகுங்கள். முடித்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பூட்டிவிடுங்கள். பயிற்சி முடிந்து தோட்டாவை நிரப்பிய பிறகு "இன்னும் ஒரே ஒருமுறை" என்று எடுக்கும் அந்தக் கணம்தான் பயங்கரமானது. பல பாயின்ட் 22 துப்பாக்கிகளுக்குக் காலியாக விசையை இழுப்பதே சேதம் தரும், அவற்றுக்குப் போலித் தோட்டா போட்டே பழக வேண்டும்.

அன்று வகுப்பு முடிந்ததும் அலமாரியைப் பற்றிப் பேசினேன். டெக்சஸில் தோட்டா நிரம்பிய துப்பாக்கியை அலட்சியமாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம். பல காவல் நிலையங்களில் 'ப்ராஜெக்ட் சைல்ட்சேஃப்' திட்டத்தின்கீழ் கம்பிப் பூட்டு இலவசமாகவே தருகிறார்கள். இன்னொன்றையும் சொன்னேன், சொல்லும்போது எப்போதும் என் குரல் தாழ்ந்துவிடும். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனுக்காக வாங்கும் துப்பாக்கி வீட்டுக்குள் இருப்பவரின் இருண்ட இரவிலும் அங்கேயே இருக்கும். வீட்டில் யாரேனும் மனம் உடைந்திருந்தால் இப்போதைக்கு வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் சட்டப்படி வெளியே கொடுத்து வையுங்கள். அமெரிக்காவில் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம். அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவசரப் பிரிவில் பணிபுரிகிறவர், நான் சொன்னதைவிட அதிகம் பார்த்திருப்பார்.

எட்டு வாரத்தில் அவர் செய்த செலவை நானே கேட்டுக் குறித்துக்கொண்டேன். என் வகுப்பு 90 டாலர், வேட்டைக் கல்வி 15, மூன்று முறை சுடுதளக் கட்டணம் 60, வாடகைத் துப்பாக்கி 45, தோட்டாக்கள் 45, எண்பூட்டுப் பெட்டி 60. மொத்தம் 315. துப்பாக்கிக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. அந்தச் சிறிய துப்பாக்கியை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, வாடகைக்கு எடுத்துப் பழகிய அதே மாதிரியில் பழையது ஒன்றை வாங்கினார். பெட்டியைப் படுக்கையறைச் சுவருக்குள் இருக்கும் மரக்கட்டையில் திருகாணி போட்டு முடுக்கியாயிற்று. எண் அவருக்கும் கணவருக்கும் மட்டும் தெரியும்.

கடைசியாக வந்த அன்று 7 கெஜத்தில் பத்துத் தோட்டா சுட்டார். ஒன்பது துளைகளை ஒரு தேநீர்த் தட்டால் மூடிவிடலாம். பத்தாவது எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, அதைப் பேனாவால் வட்டமிட்டு, தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.