அணைந்து அணைந்து எரியும் சோடியம் விளக்கு

எங்கள் தெருமுனைக் கம்பத்தில் ஒரு சோடியம் விளக்கு இருந்தது. மாலையில் எரியும், முழு மஞ்சளுக்கு வந்து சிறிது நேரம் நிற்கும், பட்டென்று அணையும். ஒன்றிரண்டு நிமிடம் இருட்டு. பிறகு மங்கலாக ஒரு பொட்டு, மெல்ல மஞ்சள், மீண்டும் இருட்டு. சோக் போய்விட்டது என்று இரண்டு முறை சோக்கை மாற்றினார்கள். விளக்கு தன் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. பாவம், சோக் ஒரு தவறும் செய்யவில்லை.

குண்டு பல்பைப் போல இதற்குள் ஒளிரும் இழை கிடையாது. கண்ணாடிக் கூட்டுக்குள் அலுமினாப் பீங்கானால் ஆன ஒரு சிறு குழாய். சூடான சோடியம் சாதாரணக் கண்ணாடியை அரித்துவிடும் என்பதால்தான் பீங்கான். அதற்குள் சோடியமும் பாதரசமும் கலந்த ஒரு துளி, கொஞ்சம் செனான் வாயு. குளிர்ந்த வாயுவில் 230 வோல்ட் மின்சாரம் பாயாது. எனவே இக்னிட்டர் சில ஆயிரம் வோல்ட் துடிப்புகளால் வாயுவைத் தட்டி எழுப்புகிறது. மின்வில், அதாவது வாயுவின் வழியே ஒளிர்ந்து பாயும் மின்சாரம், பற்றிக்கொண்டதும் தொல்லை தலைகீழாகிறது. மின்னோட்டம் கூடக் கூட அதற்கான தடை குறையும். தடை குறைவதால் மின்னோட்டம் இன்னும் கூடும். கடிவாளம் இல்லாவிட்டால் விளக்கு நொடியில் நாசமாகும். அந்தக் கடிவாளம்தான் சோக்: இரும்பு உள்ளகத்தின் மேல் சுற்றிய செம்புக் கம்பி.

புதிய 250 வாட் விளக்கில் மின்வில்லுக்கு ஏறத்தாழ 100 வோல்ட் போதும். வயதாக ஆகக் குழாயின் முனைகள் கறுக்கின்றன. அந்தக் கறுப்பு வெப்பத்தை உள்ளேயே தேக்குவதால் துளி அதிகமாக ஆவியாகிறது, அழுத்தம் ஏறுகிறது, மின்வில் கேட்கும் வோல்ட்டும் ஏறுகிறது. சோக்கால் தர முடிந்த எல்லையை அது தாண்டும்போது விளக்கு அணைகிறது. ஆறி அழுத்தம் இறங்கியதும் இக்னிட்டர் மீண்டும் பற்றவைக்கிறது. பக்கத்தில் ஒரு மோட்டார் ஓடத் தொடங்கி வோல்டேஜ் சற்றுச் சரிந்தாலே கிழட்டு விளக்கு அணைந்துவிடும். மாற்ற வேண்டியது விளக்கை.

ஆறும் நேரம் வகைக்கு வகை வேறுபடும். சோடியத்துக்கு ஓரிரு நிமிடம்; மைதானங்களில் தொங்கும் மெட்டல் ஹாலைடு விளக்குக்குப் பத்து முதல் இருபது நிமிடம். 2013 பிப்ரவரி 3 அன்று நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் மைதானத்தில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டம் மின்தடையால் 34 நிமிடம் நின்றுபோனது நினைவிருக்கலாம். மின்சாரம் திரும்பினாலும் அந்த விளக்குகள் ஆறி, பற்றி, முழு வெளிச்சத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அணைந்து எரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இருட்டை உணரும் போட்டோசெல்லின் மேல் விளக்கின் சொந்த வெளிச்சமே விழுந்தால், விடிந்துவிட்டது என்று நம்பி அது இணைப்பைத் துண்டிக்கும். அதைத் திருப்பி வைத்தால் போதும்.

விளக்கு எரியவே இல்லையா? முதலில் நன்றாக எரியும் வேறொரு விளக்கைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அதுவும் எரியாவிட்டால் கம்பத்துக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்து, பிறகே இக்னிட்டரையும் சோக்கையும் சந்தேகிக்கலாம். சோக்கை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கழற்றி அளக்க வேண்டும்: நல்ல சோக் மிகச் சில ஓம் காட்டும், கம்பி அறுந்திருந்தால் ஒன்றும் காட்டாது. உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் கருகிய வார்னிஷ் வாசனை முன்பே சொல்லிவிடும். இக்னிட்டர் வேலை செய்யும்போது ஹோல்டரில் மல்டிமீட்டரை வைப்பவர், அன்றே புது மீட்டர் வாங்கக் கிளம்பலாம். அதன் துடிப்பைத் தாங்கச் சாதாரண மீட்டரால் முடியாது.

சோக்கால் கூடுதலாக இழுக்கப்படும் மின்னோட்டத்தை ஈடுகட்டும் கெப்பாசிட்டர் மட்டும் கமுக்கமாகச் சாகும். நம் ஊர் இணைப்பில் அது மின்கம்பிகளுக்குக் குறுக்கே நிற்பதால், அறுந்து போனாலும் விளக்கு வழக்கம்போல எரியும். ஆனால் ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் இழுக்க வேண்டிய விளக்கு மூன்று ஆம்பியர் இழுக்கும். ஒரு வரிசையில் நாலைந்து கம்பங்களில் இப்படி ஆன பிறகு ஒருநாள் தெருவே இருட்டாகும்; பார்த்தால் ஃபியூஸ் போயிருக்கும், விளக்குகள் எல்லாம் நன்றாகவே இருக்கும்.